மலைப் பக்கம் சாயும் கோடு

என் கணினித் திரையின் இடது ஓரத்தில் பேனாவால் கிறுக்கிய சின்ன மலை ஒன்று இருக்கிறது. துடைத்தும் போகவில்லை என்று மற்றவர்களிடம் சொல்வேன். பொய்தான், நான் துடைத்ததே இல்லை.

கிறுக்கியவர் கள்ளக்குறிச்சியில் என்னோடு வேலை பார்த்த அக்கா. கல்வராயன் மலையில் பிறந்தவர். சின்ன வயதில் உதவித்தொகைப் பட்டியலில் பெயர் விட்டுப்போனதால் ஒரு வருடம் பள்ளிக்குப் போகாமல் ஆடு மேய்த்தவர். மலைப் பிள்ளைகளின் பட்டியலை அனுப்பும் வேலை பின்னாளில் அவர் கைக்கே வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே கணினி. தலைமை அலுவலகத்தின் பொதுக் கோப்புறையைக் காலையில் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இணைப்பார். சாயங்காலம் இன்னொரு கட்டளையால் துண்டிப்பார். "வூட்டப் பூட்டாம யாராச்சும் போவாங்களா?" என்பார். பகலில் அதைத் திறந்து பார்ப்பதோடு சரி, எனக்கு வேறொன்றும் தெரியாது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நாட்கள். பட்டியலுக்குக் கடைசி நாளன்று மறியலில் அக்காவின் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது. கணினியில் தயாராக இருந்த பட்டியல் பகல் பன்னிரண்டு மணிக்குள் கோப்புறையில் ஏறாவிட்டால் நாற்பது பிள்ளைகளுக்கு அந்த வருடம் உதவித்தொகை இல்லை. அவரைப் போனில் கூப்பிட்டேன். அக்கா போட்ட பூட்டின் மேல் வந்த கோபம் கொஞ்சமா!

கட்டளையை எழுத்தெழுத்தாகப் போனில் சொன்னார். அடித்தேன், பாதையே இல்லை என்றது திரை. மறுபடியும் அடித்தேன், அதே பதில்.

"சாஞ்ச கோடு ரெண்டு போட்டியா? எந்தப் பக்கம் சாயுது?"

"எந்தப் பக்கம்னா இன்னாக்கா?"

"ஜன்னல்ல மலை தெரியுதில்ல? கோட்டோட தல மலைப் பக்கம் சாயணும்மா!"

பேருந்துக்குள் யாரோ, "இன்னாது, மலையே சாயுதா?" என்று கேட்க, ஒரே சிரிப்பு. இடப்பக்க ஜன்னலைப் பார்த்தேன். அட, அதுவரை எதிர்ப்பக்கம் சாயும் கோட்டையல்லவா போட்டுக்கொண்டிருந்தேன்! மாற்றியதும் கடவுச்சொல் கேட்டது.

"இரு, எறங்கறேன்" என்றார். கரும்புத் தோகை சரசரத்தது. தோட்டத்துக்குள் போய் நின்று குசுகுசுவென்று சொன்னார். அதை இங்கேயும் எழுத மாட்டேன்.

மூன்று மணிக்குப் புழுதியோடு வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல், "எல்லாப் பேரும் ஏறிச்சா?" என்றார். "ஏறிடுச்சுக்கா" என்றதும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பிறகுதான் அந்த மலையை வரைந்தார். இனிமேல் பூட்டுவதில்லை என்று சத்தியமும் செய்தார். சாயங்காலம் பழக்கதோஷத்தில் பூட்டிவிட்டு, பாதிப் படியில் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அக்கா ஓய்வு பெற்று மலைக்கே போய்விட்டார். அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியதில் ஜன்னல் எனக்கு வலப்பக்கம் வந்துவிட்டது. மலையும் அங்கேதான் தெரிகிறது. பட்டியல் நாளில் எட்டரைக்கே வந்து நானே கட்டளை அடிக்கிறேன். அந்தக் கோடு வரும்போது ஜன்னலைப் பார்ப்பதில்லை. அக்கா வரைந்த மலையைத்தான் பார்க்கிறேன். கோடு சரியாகச் சாய்கிறது. பிள்ளைகளின் பெயர்கள் ஏறுகின்றன.