மாமா தேடிப்போன கொம்பு

உரைகல்லில் வசம்பை உரசும்போது எழும் அந்தக் காரநெடி எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் எங்கள் மாமாவின் ஞாபகம்தான் வரும். வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம். நான் ஏழெட்டு வயதுச் சிறுமி. அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான் அப்பாவின் தங்கை பேச்சியத்தையின் வீடு. பல் முளைக்கும் பருவத்தில் காய்ச்சலும் 'சன்னி'யும் கண்டு அத்தைக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்பதால், மூன்றாவதாகப் பிறந்தவனுக்கு மூக்கைக் குத்தி, 'மூக்கன்' என்று பெயரும் வைத்து, எமனை ஏமாற்றிவிடலாம் என்று பார்த்தார்கள்.

அவனுக்கும் ஈறு தடித்து உடம்பு சுட ஆரம்பித்தபோது அத்தையின் முகத்தில் உயிரே இல்லை. வசம்பும் மாசிக்காயும் போதாது, 'யானைக்கொம்பு' உரசித் தாய்ப்பாலில் கலந்து புகட்டினால்தான் பிள்ளை பிழைக்கும் என்று தெருவே கூடிச் சொன்னது. தந்தம் என்ற சொல் அப்போது எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் வராது. மாட்டுக்கு இருப்பதும் கொம்பு, யானைக்கு இருப்பதும் கொம்பு.

அத்தையின் புருஷன் கருப்பையா மாமா, மேகமலை ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பொதிமாடு ஓட்டுகிறவர். மேலே ஓர் ஓடையில் கொம்பன் ஒன்று செத்துக் கிடப்பதாக மலையிலிருந்து இறங்கியவர்கள் சொல்ல, அன்றைக்கே கிளம்பிவிட்டார். தோளில் பொதிக்கயிறு மட்டும்தான் கிடந்தது.

"கோடாலி எடுத்துக்கலையா மாப்ள?" என்று அப்பா கேட்டார்.

"எதுக்கு மச்சான்? செத்த மாட்டுக் கொம்பு நாலு நாள் அழுகுனா ஒரு முறுக்குல கழண்டு வரலையா? அது மாதிரித்தான இதுவும்."

பிறந்ததிலிருந்து மாட்டோடு கிடந்த மனிதர். அப்பாவும் ஏர் பிடிக்கிற சம்சாரி. இருவருக்கும் அது சரியாகவே பட்டது. "கெடைக்கலைனா அங்கன நிக்காதீக, வந்துருங்க" என்று அத்தை மட்டும் வாசல்வரை போய்ச் சொன்னாள்.

மாமா நின்றுவிட்டார். அழுகட்டும் என்று பக்கத்திலேயே காத்திருந்திருக்கிறார், முறுக்கியிருக்கிறார், கயிற்றைக் கட்டி இழுத்திருக்கிறார். செத்துப்போன யானையைப் பார்க்க மற்ற யானைகள் கூட்டமாகத் திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியவில்லை. துப்பட்டி போர்த்திக் கீழே தூக்கிவந்ததை எங்களைப் பார்க்கவிடவில்லை. கூடவே வந்த பாரஸ்ட் கார்டு அப்பாவிடம் சொன்னார்:

"அது கொம்பில்லய்யா, பல்லு. மண்டைக்குள்ள வேரோடிக் கெடக்கும். மொகத்தப் பொளந்தாத்தான் வரும். கயிறு இன்னும் அதுலதான் கெடக்கு."

அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "ஏ ஆத்தா! பல்லுக்குப் பல்லத் தேடியா போனாக!" என்று கத்தினாள்.

மூக்கனின் காய்ச்சல் தானாகவே இறங்கிவிட்டது. கருமாதியன்று யாரோ கொஞ்சியதற்கு அவன் சிரித்தான். கீழ் ஈற்றில் அரிசி முனைபோல இரண்டு வெள்ளை எட்டிப் பார்த்தன. மாமாவைத் தூக்கிக்கொண்டு போனபோது அழுததைவிட அத்தை அப்போது அதிகமாக அழுதாள்.

பின்னாளில் படிக்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டேன், தந்தம் என்கிற வடசொல்லுக்குப் பொருளே பல்தான் என்று. நம் பழஞ்சொற்களான கோடும் மருப்பும் மாட்டுக் கொம்பையும் யானையுடையதையும் ஒன்றாகவே சேர்த்துச் சொல்கின்றன. இங்கிலீஷ்காரன் சொல்லும் 'ஐவரி'க்கு வேர் தேடினால், அது எகிப்து தேசத்தில் யானையைக் குறித்த ஏதோவொரு பழைய சொல்லில் போய் நிற்கிறதாம். கடல் தாண்டிக் கண்டம் சுற்றிய சொல்லெல்லாம் இருக்க, அந்த வடசொல் ஒன்று மட்டும் மலையடிவாரத்தில் இருந்த எங்கள் மாமாவுக்கு எட்டாமல் போயிற்றே என்று எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது.

யானை அடித்துச் செத்தவர் விழுந்த இடத்தில், வழியே போகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைத்தழை ஒடித்துப் போடுவது அந்த மலையில் வழக்கம். மாமாவுக்கும் ஒரு தழைமேடு வெகுகாலம் இருந்தது. போன மாதம் மூக்கனும் நானும் ஜீப்பில் போனோம். மேட்டைக் காணோம், பொதிமாட்டுத் தடமும் இல்லை, ஏலக்காடு இருந்த சரிவெல்லாம் தேயிலை. மூக்கன் ஒரு கொப்பை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"இங்கனதானா மதினி?" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். குனிந்து தழையை வைத்துவிட்டு நிமிர்ந்தவன் சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதான். அந்த வாயில் இப்போது ஒரு பல்கூட இல்லை.