ஐந்தாம் பாகத்துப் பட்டிமன்றம்

அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் புத்தகம்தான். எட்டுப் பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம், ஆங்கிலத்தில். முதல் பாகத்தை ஜொகூர் பாருவில் ஒரு பழைய புத்தகக் கடையில் கண்டுபிடித்தவள் அக்கா. அந்த உரிமையில் எல்லாப் பாகத்தையும் அவள்தான் முதலில் படிப்பாள். படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் எதையாவது கிறுக்கியும் வைப்பாள். என் கைக்கு வரும்போது கதையோடு சேர்த்து அவளுடைய ஏச்சையும் நான் படித்தாக வேண்டும். ஓரிடத்தில் "மடையன்" என்றிருக்கும். இன்னோரிடத்தில் "ரெண்டாம் பாகத்துல வேற மாதிரி சொன்னாங்களே" என்றிருக்கும். மூன்றாம் பாகத்தின் உச்சகட்டப் போரில், ஓரமாக, "பசிக்குது" என்று எழுதியிருக்கிறாள்.

அந்தக் கதையின் மந்திரத்தைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் சண்டை புரியாது. அந்த உலகத்தில் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு சுடர் இருக்கிறது. சாகக் கிடக்கிறவருக்கு இன்னொருவர் தன் சுடரில் பாதியைக் கொடுக்கலாம். கொடுத்தவர் சாகமாட்டார், ஆனால் மிச்சக் காலத்தைப் பாதிச் சுடரோடுதான் ஓட்ட வேண்டும். இதற்கு ஒரே ஒரு விதி. வாங்குகிறவர் தானாகக் கையை விரித்து நீட்ட வேண்டும்.

ஐந்தாம் பாகத்தில் படைத்தலைவிக்கு விலாவில் அம்பு பாய்கிறது. அவளும் அவளுடைய குதிரைக்காரனும் மூன்று நாள் மலைப்பாதையில் பயணம் செய்கிறார்கள். நான்காம் நாள் அவள் பனியில் நினைவில்லாமல் விழுகிறாள். குதிரைக்காரன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் சுடரில் பாதியை உள்ளே வைத்துவிடுகிறான். அவள் பிழைத்துக்கொள்கிறாள். கை நீட்டாமலேயே இது எப்படி நடந்தது?

இதற்காக உலகம் முழுக்க ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எழுதியவரே தன் விதியை மறந்துவிட்டார் என்பது ஒரு கூட்டம். சின்ன வயதில் ஒரு விளையாட்டில் அவள் அவனிடம் கையை நீட்டியிருக்கிறாள், அந்தச் சம்மதம் இப்போதும் செல்லும் என்பது இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டம். இணையத்தில் அந்த ரசிகர் குழுவில் என்னை மூன்று முறை எச்சரித்திருக்கிறார்கள், வாய் நீளம் என்று. பாசிர் கூடாங்கில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முகம் தெரியாத யாரோ ஒருவனுக்கு ஆறு பத்தியில் பதில் எழுதுகிறவள் நான். எனக்குத் தோற்கப் பிடிக்காது. சொல்லிவிட்டேன்.

அக்காவின் கட்சி இரண்டிலும் சேராது. "கையை நீட்டணும்ங்கறது மந்திரத்தோட விதி இல்ல, மரியாதையோட விதி. அதை மீறினாலும் மந்திரம் பலிக்கும். மரியாதைதான் போயிடும். அவன் செஞ்சது திருட்டு" என்பாள். ஒருவன் தன் உயிரில் பாதியைக் கொடுத்ததைத் திருட்டு என்று சொல்லும் வாய் எப்படிப்பட்ட வாய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போய் மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். முன்ஹாலில் அவள் டியூஷன் எடுக்கிறாள், நான் ஷிப்டுக்குப் போகிறேன். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அவளுக்கு டயாலிசிஸ். எனக்கு லீவு விழும் நாட்களில் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போவேன்.

போன தீபாவளிக்கு முந்தின மாதம் நான் யாரிடமும் சொல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்தப் பிரிவு. என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. "மீதிச் சோதனைக்கு உங்க அக்காவும் வரணும். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க, அவங்க சம்மதம் இல்லாம ஒரு அடி நகர முடியாது" என்றார் டாக்டர். அக்கா சம்மதிப்பாளா என்று எனக்குச் சந்தேகமே எழவில்லை.

தீபாவளி அன்று சிம்பாங் ரெங்கத்தில் சித்தி வீட்டில் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அக்காவுக்கு என் கிட்னி ஒண்ணக் குடுக்கப்போறேன்" என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். சித்தி அழுதுவிட்டார். "நீ மனுஷியே இல்லம்மா, தெய்வம்" என்றார் சித்தப்பா. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அக்கா பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். திரும்பும் வழியில் நெடுஞ்சாலை முழுக்க ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் மட்டும், "நாளைக்கு நீ கல்யாணம் காட்சின்னு இருக்கணும். அது வேணாம்" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்தப் பேச்சே இல்லை. நான் எடுத்தால் அவள் எழுந்து போய்விடுவாள். கல்யாணம் ஆகாத முப்பத்து நான்கு வயதுக்காரி என்பதால்தான் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து, அதற்கு எனக்குள் ஆயிரம் பதில் தயார் செய்துவைத்தேன். பதில் சொல்ல இடம்தான் கிடைக்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் புத்தகத்தைப் பற்றி மட்டும். சுடர், பனி, குதிரை. மற்றபடி உப்பு போதுமா, போதாதா. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மிஷினிலிருந்து எழுந்து வரும்போதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் இளைத்திருப்பது போலத் தெரிந்தது.

டயாலிசிஸ் மையத்தில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளியுடையது. ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பம், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். நாள் முழுக்கத் தே தாரிக் என்று டீ ஆற்றிய மனிதர், இப்போது தண்ணீரையே அளந்து குடிக்கிறார். சுவரில் இருக்கும் டிவியில் எப்போது பார்த்தாலும் சமையல் நிகழ்ச்சி. அது அவருக்குப் பெரிய கொடுமை. அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அக்கா ஒரு நாள் முதல் பாகத்தின் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். மாமா மாட்டிக்கொண்டார். "அப்புறம் என்னாச்சும்மா?" என்று வாரம் மூன்று நாள் கேட்டுக் கேட்டு, நான்கு மாதத்தில் ஐந்தாம் பாகத்துக்கு வந்துவிட்டார்.

பனியில் சுடரைக் கொடுக்கும் இடத்தை அக்கா சொன்ன செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. சொல்லி முடித்ததும், "இதுதான் அந்தத் திருட்டு" என்றாள். நான் பக்கத்து ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தேன். ஊசி போட வந்த நர்ஸும், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், இந்தக் கதையைப் படித்தவர்தான், எங்கள் வயதுக்காரர். "அலமாக், அது எப்படிக்கா திருட்டு?" என்று என் பக்கம் வந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் அந்த அறை பட்டிமன்றம் ஆனது. தலைப்பு: குதிரைக்காரன் செய்தது கொடையா, திருட்டா? கொடை அணியில் மிஸ்ஸியும் நானும். திருட்டு அணியில் அக்கா ஒற்றை ஆள். புத்தகத்தைப் படிக்காத ஒரே ஆள் என்பதால் மாமாதான் நடுவர்.

அரை மணிக்கு ஒருமுறை மிஷின் தானாக அக்காவின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கும். முதல் நாள் நான் பேசி முடித்தபோது நூற்று எழுபத்தெட்டு. "அக்கா, கண்ணை மூடிப் படுங்க. பட்டிமன்றம் வியாழக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுது" என்று மிஸ்ஸி அதட்டினார். எதிரணியை மட்டும் அளக்கிறார்கள், என்னை யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் நான்தான் அவசரப் பிரிவுக்குப் போயிருப்பேன்.

எனக்கு வியாழக்கிழமை ஷிப்ட். சனிக்கிழமை தொடர்ந்தோம். என் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "நினைவே இல்லாம கிடக்கறவகிட்ட அவன் எப்படி லா கேப்பான்? கேக்காததுக்கு அவ செத்துப்போயிருக்கணுமா?"

அக்கா தலையைத் திருப்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கு முன்னாடி மூணு நாள் நினைவோடதானே இருந்தா? பக்கத்துலயேதான் குதிரை ஓட்டிட்டு வந்தான். சாப்பிட்டியா, குளுருதானு எல்லாம் கேட்டான். இத மட்டும் கேக்கல. அவளுக்கு எது நல்லதுனு அவனே முடிவு பண்ணிட்டான். அவகிட்ட கேக்கணும்னு கூடத் தோணல. அவனுக்கு அவ ஒரு ஆளே இல்ல, கிடக்கற உடம்பு."

நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். அது வாதத்தில் அடிபட்ட கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, டிவியில் வரும் நடுவர்கள் மாதிரியே, இந்தப் பக்கம் பார்த்தால் இது சரி, அந்தப் பக்கம் பார்த்தால் அது சரி என்று இழுத்தார். அப்புறம் பட்டென்று, "அக்கா கட்சிதான் ஜெயிச்சுச்சு. கத சொல்றது அவங்க. அவங்கள தோக்கடிச்சா ஆறாம் பாகத்த எனக்கு யாரு சொல்றது?" என்று முடித்துவிட்டார்.

"இது லஞ்சம் மாமா!" என்று கத்தினேன். அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். தீபாவளிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்காகவாவது நான் விட்டிருக்கலாம். விடவில்லை. காரில் ஏறியதும், "இது செல்லாத தீர்ப்பு, நான் புத்தகத்துலேருந்தே ஆதாரம் காட்டுறேன்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவின் பையிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். அவன் ஏதாவது ஓரிடத்தில் ஜாடையாகவாவது கேட்டிருப்பான், கண்டுபிடித்து மாமாவின் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும் என்று அம்பு பாயும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதல் நாள் பயணம். இரண்டு பேரும் ஓடையில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். ஓரத்தில் பென்சில் எழுத்து, நான் முன்பு பார்க்காதது, புதிது: "இங்க கேட்டிருக்கலாம்."

நான்கு பக்கம் தள்ளி, அவன் அவளுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுக்கிறான். "இங்கயும்."

இரண்டாம் நாள், மழைக்கு ஒரு குகையில் ஒதுங்கி, இரவு முழுக்கப் பழைய கதை பேசுகிறார்கள். "இங்க நல்லா கேட்டிருக்கலாம்."

மூன்றாம் நாள், அவள் அவனுடைய குதிரையைக் கிண்டல் செய்கிறாள். "இங்கயும்."

பனியில் விழும் பக்கத்தில், வருடங்களுக்கு முன்பு எழுதிய "திருடன்" மங்கிப்போய் இருந்தது. அதற்குக் கீழே புதிதாக: "கேட்டிருந்தா நீட்டியிருப்பா."

நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டேன். மூன்று வருடமாக ஒரே வீடு. ஒரே கார். ஒரே சோற்றுப் பானை. மருந்து போட்டியா, கால் வீங்கியிருக்கா, தண்ணீர் எவ்வளவு குடித்தாய் என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். டாக்டரிடம் சொன்னேன், சித்தியிடம் சொன்னேன், இருபது பேரிடம் சொன்னேன். அவளிடம் கேட்கவில்லை. கொடுக்கிறவள் நான், பிறகு என்ன கேள்வி என்று இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, கொஞ்ச நேரம் அழுதேன்.

உள்ளே போனபோது அக்கா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதை அப்படியே சமைக்கக் கூடாது. நறுக்கி, ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். நான் புத்தகத்தை மேஜையில் வைத்தேன். அதைப் பார்த்தாள், மறுபடி நறுக்கினாள்.

"அக்கா."

"ம்."

"என்னோட கிட்னி ஒண்ண உனக்குக் குடுக்கணும்னு எனக்கு ஆசை. நீ வாங்கிக்கிறியா?"

கத்தி நின்றது. அதைக் கீழே வைத்தாள். பிறகு, "பட்டிமன்றத்துல தோத்துட்டேன்னு சொல்லு முதல்ல" என்றாள்.

பிறந்ததிலிருந்து நான் அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் சொன்னதே இல்லை. "தோத்துட்டேன்" என்றேன்.

அவள் முன்பே ஊறவைத்திருந்த பாத்திரத்தைச் சாய்த்துக் கிழங்குத் தண்ணீரைக் கொட்டினாள். கையைத் துணியில் துடைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "உன்ன வெட்டுவாங்கன்னு நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு டி. ஆசையாவும் இருக்கு. ரெண்டும் இருக்கு. பயமா இருக்கறத எல்லாம் டாக்டர்கிட்ட நானே கேக்கணும். எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்புறம் சொல்றேன்."

"கேளு."

"புதன்கிழமை போலாம். அன்னைக்கு எனக்கு மிஷின் இல்ல."

எனக்குப் புதன்கிழமை ஷிப்ட். லீவு போட்டுக்கொள்ளலாம், அதை நான் சொல்லவில்லை.