காக்காவும் காகமும்

போன கிழமை மகள் ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். சின்னக் காக்கா லண்டனில் இருந்து இங்கிலீசில் எழுதி, பரிசெல்லாம் வாங்கிய நாவல். அவர் கண்மூடி மௌத்தான பிறகுதான் சென்னையில் யாரோ தமிழாக்கியிருக்கிறார்கள். பிரித்து மோந்து பார்த்தேன். புதுத்தாள் வாசம் எனக்கு எப்போதும் மீன் வாசத்தோடுதான் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஐம்பதுகளில் கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஆணியில்தான் இரண்டும் தொங்கும்: பெரிய காக்கா கடலுக்குப் போட்டுப்போகும் சட்டை, சின்னக் காக்காவின் புத்தகப் பை. காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். கறுப்பாய்ப் பறப்பது காகம். இரண்டையும் நாங்கள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. வாப்பா இல்லாத வீடு என்பதால் பெரிய காக்கா படிப்பை விட்டுவிட்டுத் தோணியில் ஏறினார். சின்னவரும் சில நாள் கூடப் போவார். போனால் வாந்திதான்.

அன்றைக்கு விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து பெரிய காக்கா சின்னவரைத் தட்டி எழுப்பினார்.

"எழும்பு தம்பி. தோணிக்கு இன்னொரு ஆள் வேணும், வாறியா?"

"இண்டைக்கு ஏலா காக்கா. சோதினை வருது."

"சரி, நீ படி."

தனியாகப் போனார். மத்தியானம் வாடைக்காற்று கிளம்பியது. அடுத்த நாள் காரைதீவுப் பக்கம் தோணி கவிழ்ந்தபடி ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. மையித்து வராத வீட்டில் எப்போது அழுது முடிப்பது என்று யாருக்கும் தெரியாது. உம்மா அன்றிலிருந்து கதவுக்குத் தாழ் போட்டதில்லை.

சின்னக் காக்கா சோதினை பாஸ் பண்ணி, கொழும்புக்குப் போய்க் கப்பலேறினார். பிறகு ஊர்ப்பக்கம் வரவேயில்லை. பெரிய எழுத்தாளர் என்று பத்திரிகையில் படம் வரும். உம்மா அந்தப் படத்தைத் தடவிக்கொண்டே ஒன்றைத்தான் கேட்பார்.

"பெரியவன எழுதியிரிக்கானா புள்ள?"

புத்தகம் எங்கள் கைக்கு வந்ததே இல்லை. வந்திருந்தாலும் இங்கிலீசு யாருக்குத் தெரியும்? "எழுதியிருப்பாரு உம்மா" என்பேன். கேட்டுக் கேட்டே உம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

அதனால் கதையைப் படிக்கவில்லை, பெரிய காக்காவைத்தான் தேடினேன். பாதிப் புத்தகத்தில் அகப்பட்டது. 'விடியலில் காகம் என்னை எழுப்பியது. நான் எழவில்லை. காகம் கடலுக்குப் போனது. திரும்பவில்லை.'

எழுதித்தான் இருக்கிறார். அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கிலீசாக்க மனம் வராமல் காக்கா என்றே விட்டிருக்கிறார். சென்னைக்காரருக்குக் காக்கா வேறு. முன்னுரையில் ஒரு பேராசிரியர், அந்தக் காகம் விடுதலையின் குறியீடு என்று இரண்டு பக்கம் புகழ்ந்திருக்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை.

"அவங்களுக்கு எழுதிச் சொல்லுவமா உம்மா?" என்றாள் மகள்.

"ஓம், சொல்லு" என்றேன். திருத்துவார்களோ என்னவோ. தோணி தள்ளிய கரையைக் கடல் தின்றுவிட்டது. ஆணி அடித்த சுவர், கடல் ஊருக்குள் வந்த அன்று போயிற்று. அடக்க ஒரு கபுறு இல்லாத மனிதருக்கு இருந்தது அந்த நாலு வரிதான், அதிலும் ஒரு காகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவரைக் காக்கா என்று கூப்பிட உலகத்தில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்.