ரெண்டு நாள் விளக்கு

மலைக்குளிரில் ஒரு தாயிடம், "பிள்ளையைத் துணியில்லாமல் விளக்கடியில் போடம்மா" என்று சொல்லிப் பாருங்கள். நர்ஸ் வேலையின் அருமை தெரியும். பிரசவ வார்டில் குப்பை கொட்டிய சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

கம்பளி

செல்வராணி சிலோனிலிருந்து தாயகம் திரும்பி, சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவள். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. மஞ்சள் மூளைக்கு ஏறினால் காது போகும், கைகால் விளங்காமல் போகும். அதனால் கண்ணைத் துணியால் கட்டி, நீல டியூப்லைட்டுக்கு அடியில் படுக்க வைத்து, பக்கத்தில் ஹீட்டரும் போட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் பிள்ளைக்குக் குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பளி. விளக்கு கம்பளிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது! வெளிச்சம் தோலில் படவேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். சிலோன் வழக்கப்படி நர்ஸை அவள் மிஸி என்பாள்.

"கரண்டுதானே மிஸி, கம்பளிக்குள்ள போவாதா?"

வாட்டல்

மறுநாள் பிள்ளைக்குப் பச்சையாக, தண்ணீராகப் போனது. தோலில் சிவப்புத் தடிப்பு வேறு. விளக்கில் வைத்தால் இப்படி ஆவதுண்டு, நிறுத்தினால் சரியாகிவிடும். தாய்ப்பால்தான் அடிக்கடி கொடுக்கவேண்டும். இவளோ வயிற்றுப்போக்கு என்று பாலையே நிறுத்திவிட்டாள்! பிள்ளையின் உதடு காய்ந்து கிடந்தது. "ஏம்மா, பட்டினி போட்டா புள்ள தாங்குமா?" என்று கத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்து பால் கொடுக்க வைத்தேன். அவள் புருஷன் முத்தையாவுக்கு டீ பேக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை. அவன் பங்குக்கு அவனும் வந்து விளக்கையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாங்களும் கொழுந்த இப்பிடித்தான் மிஸி பரப்பி வாட்டுவோம். அப்பறம் அரைச்சிருவோம்."

ரெண்டு நாள்

"ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று டாக்டர் சொல்ல, நானும் அதையே ஒப்பித்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் தொட்டிலில் கண்கட்டுத் துணி மட்டும் கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வெளியே ஓடினால், மூடுபனியில் பிள்ளையைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். மஞ்சள் பாதிதான் இறங்கியிருந்தது. "இப்பப் போனா புள்ளைக்குக் காது போயிரும்! இன்னும் கொஞ்சம் இருக்க முடியாதா உனக்கு?" என்று திட்டித் தீர்த்தேன்.

"கப்பல வுட்டு எறங்குனப்ப கேம்புலயும் ரெண்டு நாள்தான்னாங்க மிஸி. ஒரு வருசம் கெடந்தோம்."

அவளைக் கையோடு கூட்டிவந்து மஞ்சள் முழுக்க இறங்கிய பிறகே அனுப்பினேன். அதிலிருந்து "ரெண்டு நாள்" என்பதை விட்டுவிட்டு "மஞ்சள் இறங்கும்வரை" என்று சொல்லி, நாள் கணக்குச் சொல்லவில்லை என்று அதற்கும் எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.