சண்டியனின் காலடியில் ஒரு கல்

கனடாவில், பிக்கரிங் நகருக்கு வடக்கே, சோளக் காணிகளுக்கு நடுவில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் நான், அதுவும் வரலாற்றில். அந்தப் பட்டத்தோடு போன கோடையில் நான் செய்த வேலை, சனிக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிப்போய் ஒரு குடிகாரனின் கல்லறையைக் காட்டுவது.

அவன் அந்தக் காலத்தில் அங்கே சாராயக்கடை வைத்திருந்தவன். குதிரையோடு தேவாலயத்துக்குள் நுழைந்தானாம். வரி கேட்டு வந்தவனைக் கிணற்றில் இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனானாம். பழங்காலத் தொப்பி போட்ட ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவர் இதைச் சொல்லும்போது, தானே குதிரையில் போய் வந்ததுபோல மூச்சு வாங்குவார். அவனுக்குப் புதுக் கருங்கல் நாட்டியதும் சங்கம்தான். வருகிறவர்கள் அதன்மேல் கைபோட்டுப் படம் எடுப்பார்கள்.

அவன் காலடியில், புல்லுக்குள் ஒரு தட்டைக் கல் விழுந்து கிடந்தது. ஒருநாள் மண்ணைச் சுரண்டிப் பார்த்தேன். ‘மேற்படியாரின் மனைவி’ என்று இருந்தது. பெயர் அழிந்துபோகவில்லை. செதுக்கவே இல்லை.

அங்கே பஸ் போகாது. ஒரு சனிக்கிழமை பெரியப்பா காரில் கொண்டுவந்து விட்டார். விட்டவர் போகாமல் கூட்டத்தோடு நின்று கதை கேட்டார்.

“உவன் எங்கடை ஊர்ச் சண்டியன் மாதிரியெல்லே!” என்று அவருக்குச் சந்தோசம் தாங்காத புளுகம். காருக்குப் போய் மட்டன் ரோல்ஸும் ஒரு சின்ன விஸ்கிப் போத்தலும் கொண்டுவந்து அந்தத் தட்டைக் கல்லில் பரப்பினார்.

“என்ன பெரியப்பா செய்யிறியள்?”

“படையல், பிள்ளை. குடிச்சுத் திரிஞ்ச மனிசனை வெறுங்கையோடை பாக்கிறதே? உதுக்குத்தானே கல்லுப் போட்டு வைச்சிருக்கினம்.”

“அது அவன்ரை மனிசியின்ரை கல்லு.”

“ஐயோ! முதலே சொல்லியிருக்கலாமேயடி.” ரோல்ஸையும் போத்தலையும் அள்ளிக்கொண்டு நேரே காருக்குள் போய் ஏறினார். வீட்டுக்குப் போய்த் தீட்டுக் கழியத் தலையில் தோயும்வரை ஒன்றையும் வாயில் வைக்கமாட்டார்.

இதைப் பார்த்துக்கொண்டு நின்ற தலைவருக்கோ புது யோசனை பிறந்துவிட்டது. “இதுதான் சரியான இடம்! இங்கே ஒரு மரவாங்கு போட்டால் அவனோடு உட்கார்ந்து படம் எடுக்கலாம்.”

“கீழே அவன் மனைவி இருக்கிறாள்.”

“இருக்கட்டும். அவளைப் பற்றி ஒரு கதையும் இல்லையே.”

எப்படி இருக்கும்? அவன் குதிரையில் ஆடிக்கொண்டிருந்தபோது கடையைத் திறந்தது யார், கிணற்றில் கிடந்தவனை வெளியே எடுத்தது யார் என்று எவன் கேட்டான்? ஸ்காபரோ விருந்துகளில் சண்டியன் புராணம் பாடும் எங்கள் ஆண்களும் கேட்டதில்லை. அவர்களுக்கும் இந்தச் சங்கத்துக்கும் தொப்பிதான் வித்தியாசம்.

அடுத்த சனிக்கிழமை, வாங்கின் கால்களுக்குக் கல்லைச் சுற்றிக் குறி அடித்திருந்தார்கள். கூட்டத்தை அங்கே நிறுத்தினேன். தலைவரும் பின்னால் நின்றார்.

“இங்கே ஒரு பெண் கிடக்கிறாள். பெயர் தெரியாது. சொல்லக் கதை இல்லை. நீங்கள் நிற்பது அவள்மேல். இதில்தான் நீங்கள் உட்கார்ந்து படம் எடுக்க வாங்கு வரப்போகிறது.”

எல்லோரும் பின்வாங்கினார்கள். ஒரு பெண் திரும்பித் தலைவரைப் பார்த்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

அதன்பின் கல்லறைப் பக்கம் என்னை அவர் அனுப்பவில்லை. சங்கக் கட்டடத்தில் தேநீர்க் கோப்பைகள் கழுவத் தந்தார். கழுவினேன். வாங்கை மேப்பிள் மரத்தடியில் போட்டார்கள்.