வண்டிநின்ற அம்மனுக்கு ஒரு பிடி அரிசி

ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் வண்டிநின்ற அம்மன் கோயிலுக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வழி சுலபம். ஆனால் நான் முதலில் போனது மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில். அதைச் சொல்லாமல் வழி சொல்ல எனக்கு வராது.

எங்கள் கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல் வந்து தணிந்திருந்தது. என் மனைவி செல்லம்மா அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பால் குடிக்கும் பிள்ளையை என் அக்காவிடம் விட்டு, மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று சிரம்பானில் காலை ஏழு மணி பஸ் ஏறினோம். ரந்தாவில் இறங்கி, நான்கு மைலுக்கு மூன்று வெள்ளி பேசி டாக்சி பிடித்தோம். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் ரோடு, அதனால் அந்த விலை.

டிரைவர் ராமையா வாய் ஓயவில்லை. பயத்தில்தான் பேசியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

"காடு வெட்ட வந்தப்ப, கங்காணியோட அரிசி வண்டி இந்த முடக்குல நின்னுருச்சுண்ணே. மாடு மண்டி போட்டுருச்சு. கங்காணி பொஞ்சாதி ஒரு பிடி அரிசிய ஆத்தாவுக்குன்னு எறைச்சாங்க, மாடு எந்திரிச்சிருச்சு. அதான் வண்டிநின்ன முடக்கு."

சக்கரம் சேற்றில் புதைந்ததுதான் விஷயம் என்று எஸ்டேட் கணக்கு எழுதும், எனக்குத் தெரிந்த கிராணி ஒருவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"சேத்துல மாட்டுன வண்டி அரிசிக்கு எப்படிண்ணே எந்திரிக்கும்?" என்றார் ராமையா. "இப்ப அரிசி கொண்டு போக முடியாதுலா. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குக் குடுக்கிறோம்னு புடிச்சு உள்ள வச்சிருவான்."

செல்லம்மா என் கையைப் பிடித்தாள். முந்தானையில் ஒரு முடிச்சு.

"என்னங்க, ஒரு பிடிதான். அம்மனோடது."

எதிரே போலீஸின் ரோட்டுத் தடை தெரிந்தது. வண்டியைத் திருப்பினால் சுடுவார்கள். வெளியே எறிந்தால் பார்ப்பார்கள். இவளைப் பிடித்துவிட்டால் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

"மென்னுருங்க" என்றார் ராமையா.

மூன்று பேரும் பச்சரிசியை வாயில் போட்டு மென்றோம். விழுங்கி முடிப்பதற்குள் தடை வந்துவிட்டது.

போலீஸ்காரர் எங்கள் அடையாளக் கார்டுகளைப் பார்த்தார். பெண்களைச் சோதிக்க நின்றது அந்த எஸ்டேட்டுத் தமிழ்ப் பெண் ஒருத்தி. செல்லம்மாவின் முந்தானை நுனியை விரித்துப் பார்த்தாள். பிறகு எங்கள் வாய்களைப் பார்த்தாள்.

"வெத்தலையா?"

செல்லம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"வாய் செவக்கலையே" என்றாள் மெதுவாக. அவள் போலீஸ்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானை நுனியில் முடிச்சைத் தானே இறுக்கிப் போட்டாள். "போங்க. வெரசா திரும்பிருங்க."

கோயிலில் வெறுங்கையோடு நிற்க மனமில்லாமல் செல்லம்மா அந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரே ஒரு அரிசி. அதை அம்மன் கல்லில் வைத்துவிட்டு அழுதாள்.

"ஆத்தா ஒரு அரிசிய மறைச்சு வச்சிக்கிட்டா பாத்தீங்களா" என்றார் ராமையா. திரும்பும்போது அந்தப் பெண் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. அரிசியைப் பார்த்தும் முடிந்து விட்டாள் என்று போலீசுக்குத் தெரிந்திருந்தால் அவளும்தான் உள்ளே போயிருப்பாள். பயத்தில் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

இப்போது தார் ரோடு, சுற்றிலும் செம்பனைத் தோட்டம். வெயிலுக்கு முன் போய்விடுங்கள். அரிசி மறைத்த அம்மன் கதையைப் பூசாரி சொல்வார், கேளுங்கள். அதில் அந்தப் பெண் வரமாட்டாள். ஒரு பிடி அரிசி தாராளமாகக் கொண்டு போகலாம். அதில் ஒன்றை அவளுக்காகத் தனியே வையுங்கள். இதைத் தட்டச்சு செய்து தரும் என் மகள், அன்று பாலுக்குக் காத்திருந்தவள், ஒவ்வொரு முறையும் வைக்கிறாள்.