தானாக அசைந்த கால்

சனவரி பதினாறு, மாட்டுப் பொங்கல், மாலை ஆறு மணி பத்து நிமிடம். கோவளத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டுப் புதுப்பட்டினம் திரும்பிக்கொண்டிருந்தோம். பைக்கை ஓட்டியவன் என் அண்ணன் முரளி. நான் பின்னால் அமர்ந்திருந்தேன்.

மாமல்லபுரம் தாண்டியதும், கொம்பில் வண்ணம் பூசிய பசு ஒன்று சாலையில் இறங்கியது. நாவலூர் அலுவலகத்துக்கு நாள்தோறும் போய்வந்த அண்ணனுக்குச் சாலை மாடுகள் புதிதல்ல. மாடு முன்னேதான் போகும், அதனால் வால் பக்கமாக விலக வேண்டும் என்பான். அன்றும் வேகத்தைக் குறைத்து, வால் பக்கமாகவே ஒதுங்கினான்.

பசுவையும் கன்றையும் பண்டிகைக்கு வாங்கிய புதுக்கயிற்றால் பிணைத்து ஓட்டி வந்திருந்தார்கள். கன்று இன்னும் ஓரத்துப் புதரை விட்டு வரவில்லை. நடுவில் கயிறு மட்டும் இருந்தது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவன் எழவில்லை.

செங்கல்பட்டு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. தண்டுவடம் (மூளையின் கட்டளைகளை உடலுக்குக் கொண்டுசெல்லும் நரம்புக் கற்றை) நசுங்கியிருந்தது. தொப்புளுக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியவில்லை. தண்டுவட அதிர்ச்சி (காயத்துக்குக் கீழே நரம்புகள் அடங்கிக் கிடக்கும் நிலை) விலகும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். அந்த ‘இயலாது’ என்ற சொல்லுக்குள்தான் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் பேச்செல்லாம் ‘நடக்க ஆரம்பித்ததும்’ என்றே தொடங்கியது.

பிப்ரவரியில் ஒரு நாள், அம்மா ஈரத்துணியால் துடைக்கும்போது அவன் கால் வெடுக்கென்று மடங்கியது. அம்மா வார்டு முழுவதும் சொல்லிவிட்டு, இனிப்பு வாங்கக் கடைக்குப் போனாள்.

மருத்துவர் பாதத்தை ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தபின் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். அது அனிச்சை அசைவு (மூளை அறியாமல் தண்டுவடமே தசையை இழுப்பது) என்றார். அதிர்ச்சி விலகிவிட்டது, உணர்வு திரும்பவில்லை.

“இனிமே நடக்கிறது கஷ்டம்மா. உக்காரப் பழக்கணும்.”

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு கால் அப்படி அசையலாம். மகிழும் முன் மருத்துவரைக் கேளுங்கள். அதற்குள் மகிழ்ந்துவிட்டால், அதற்காக வெட்கப்படாதீர்கள்.

நான் உள்ளே வந்ததும் அண்ணன் என் முகத்தையே பார்த்தான்.

“டாக்டர் இன்னா சொன்னாரு? உனக்குப் பொய் வராது. சொல்லு.”

“தானா இழுக்குதாம்ணா. நீ அசைக்கலையாம்.”

அவன் தன் காலைப் பார்த்தான். பிறகு, “என்னைக் கேக்காமலே ஆடுதா? பேஜாரு புடிச்ச காலு” என்றான். சற்றுக் கழித்துக் குரலைத் தாழ்த்தினான். “அம்மாகிட்ட இன்னிக்கி சொல்லாத. ஸ்வீட்டு வாங்கிகினு வருது.”

அம்மா ஊட்டிய இனிப்பை அவன் முழுவதும் தின்றான்.

மறுநாள் காலை அவன் கால் நகங்களை வெட்டினேன். சுண்டுவிரலில் ஆழமாக வெட்டிவிட்டேன். ரத்தம் துளிர்த்தது, கால் சட்டென்று பின்வாங்கியது. அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, காபியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். கால் அடங்கும்வரை நான் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.